8,000 அடி உயரத்தில் 12 வோல்ட்

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகளில் பெரும்பாலானவற்றில் மின் இணைப்பு கிடையாது. கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் மேதர், பிரைஸ் கேன்யனில் நார்த், சன்செட் என இரண்டும், கேப்பிட்டல் ரீஃபில் ஃப்ரூட்டா, ஆர்ச்சஸில் டெவில்ஸ் கார்டன் எல்லாமே அப்படித்தான். வண்டியை நிறுத்த ஓர் இடம், சாப்பிட ஒரு மேசை, தீ மூட்ட ஓர் இரும்பு வளையம், அவ்வளவுதான். விளக்கு, ஹீட்டர், தண்ணீர் பம்பு அத்தனைக்கும் வண்டியின் பேட்டரிதான் கதி. மின் இணைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் பெரும்பாலும் பூங்கா வாசலுக்கு வெளியே தனியார் இடத்தில் தங்கிவிட்டு, தினமும் காலையில் உள்ளே போய் வர வேண்டும். நானும் கணவரும் பயணம் போவதே பூங்காவுக்குள் கண்விழிப்பதற்காகத்தான். அதனால் எங்கள் மோட்டார்ஹோமின் மின் அமைப்பை அடியோடு மாற்றினோம்.

வண்டி 24 அடி நீளம், கிளாஸ் சி வகை. முன்னால் வேனின் இயந்திரமும் ஓட்டுநர் இருக்கையும், பின்னால் சமையலறை, படுக்கை, கழிப்பறையோடு பெட்டிவீடு. பழையதாக வாங்கி ஃபீனிக்ஸில் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறோம். ஓட்டுவதும் வழித்தடம் வகுப்பதும் அவர் பொறுப்பு. வயரும் ஸ்பானரும் என் பொறுப்பு.

பிரைஸில் அணைந்த ஹீட்டர்

பிரைஸ் கேன்யனின் விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. மே மாதத் தொடக்கத்திலும் அங்கே இரவில் நீர் உறையும். நார்த் கேம்ப்கிரவுண்டில் நாங்கள் தங்கிய அப்படியோர் இரவில், விடியற்காலை 4 மணிக்கு ஹீட்டர் நின்றுபோனது. மின்விசிறி சோர்வாக முனகியது, தீ பற்றவில்லை. கேஸ் டாங்கில் முக்கால்வாசி இருந்தது. அடுப்பு எரிந்தது. ஹீட்டர் மட்டும் எரிய மறுத்தது.

இந்த வகை ஹீட்டர் வேலை செய்யும் வரிசையைத் தெரிந்துகொண்டால் பழுது தானே விளங்கும். வெப்பநிலை குறைந்ததும் முதலில் மின்விசிறி சுற்றும். அந்தக் காற்று ஒரு மெல்லிய தகட்டைத் தள்ளும். தகடு நகர்ந்து ஒரு சிறு சுவிட்சை அழுத்தும். அது அழுந்தினால்தான் கேஸ் வால்வு திறந்து தீப்பொறி பறக்கும். காற்றோட்டம் இல்லாமல் உள்ளே நெருப்பு எரிந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பேட்டரி தளர்ந்தால் மின்விசிறி மெதுவாகச் சுற்றும், தகடு முழுதாக நகராது, சுவிட்ச் அழுந்தாது, எவ்வளவு கேஸ் இருந்தாலும் தீ பற்றாது. ஹீட்டரில் குறையென்று நினைத்து கன்ட்ரோல் போர்டை மாற்றுகிறவர்கள் பலர். மின்விசிறி ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 10.8 வோல்ட். நல்ல ஈய பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.6 காட்டும், பாதி தீர்ந்தால் 12.1 அளவுக்கு வரும். இது செத்துப்போன பேட்டரி. ஹீட்டர் மேல் ஒரு குறையும் இல்லை.

தமிழ்நாட்டு மின்வெட்டுக் காலத்தில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வளர்ந்தவள் நான். ஈய பேட்டரியின் குணம் எனக்குப் பழக்கம். அதன் கொள்ளளவில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம். பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் சுருங்கும். மறுபடி நிரப்புவதும் மெதுவாகத்தான். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஆகும்.

விடிந்ததும் ஜெனரேட்டரை ஓட்டி நிரப்பிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். ஓட்டலாம், பூங்கா அனுமதிக்கும் நேரங்களில் மட்டும். ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஜெனரேட்டரின் திறன் 3 சதவீதம் அளவுக்குக் குறையும் என்பதால் பிரைஸில் அதன் வலுவில் கால்பங்கு போய்விடும். அதைவிட, பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே, பக்கத்து மேசையில் யாரோ பறவைக் குரலுக்குக் காதைத் தீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் எங்கள் வண்டியின் அடியில் இயந்திரம் உறுமுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த அமைதிக்காகத்தானே எல்லோரும் அவ்வளவு தூரம் வருகிறார்கள்?

செலவுக் கணக்கு

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு நாள் மின்செலவை எழுதினேன். ஹீட்டர் மின்விசிறி 7.5 ஆம்பியர் இழுக்கிறது. குளிர் இரவில் 11 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 41 ஆம்பியர்-மணி. குளிர்சாதனப் பெட்டி கேஸில் ஓடினாலும் அதன் கன்ட்ரோல் போர்டும் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியும் நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு 12. விளக்குகள், பம்பு, இரண்டு கைபேசிகள், அவருடைய கேமரா எல்லாம் சேர்ந்து 10. ஆக மொத்தம் 60-ஐ ஒட்டி வருகிறது. இதில் ஹீட்டர்தான் பெரும் செலவாளி, மற்றவை சில்லறை.

அப்புறம் மிக்ஸி. தேங்காய்ச் சட்னி இல்லாமல் எங்களுக்குக் காலை உணவு இறங்காது. 110 வோல்ட் மிக்ஸி 550 வாட். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கத்தில் 50 ஆம்பியர் போகும். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் 3 நிமிடம் அரைத்தால் மொத்தம் 2.5 ஆம்பியர்-மணிதான். பிரச்சினை மொத்தச் செலவு அல்ல, ஒரே நேரத்தில் இழுக்கும் வேகம். வயரின் தடிமனையும் ஃபியூஸின் அளவையும் தீர்மானிப்பது அந்த வேகம். 1,000 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் போதும் என்று முடிவுசெய்தேன். மைக்ரோவேவுக்காக 2,000 வாட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்கேற்ப வயரும் பேட்டரியும் பெரிதாக வேண்டும். எங்களுக்குக் கேஸ் அடுப்பு இருக்கிறது. பாலும் டிகாஷன் தண்ணீரும் அதில் கொதிக்கும்.

பேட்டரி எங்கே உட்கார வேண்டும்

100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு. ஒவ்வொன்றும் 12 கிலோ அளவு. பழைய ஈயத்தில் ஒன்றே 20 கிலோவுக்கு மேல். தூக்கும்போது முதுகு சொல்லிவிடும். லித்தியத்தில் ஏறக்குறைய முழுக் கொள்ளளவையும் பயன்படுத்தலாம். 200 என்றால் எங்கள் கணக்குக்குச் சூரியனே இல்லாமல் மூன்று இரவுகள்.

இந்த வேலையிலேயே நான் அதிகம் யோசித்தது இடத்தைப் பற்றி. பழைய பேட்டரிகள் வண்டி வாசற்படிக்கு அடியில், வெளிக்காற்றில் இருந்தன. ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் அது வெளியே இருப்பதே முறை. லித்தியத்துக்குச் சிக்கல் வேறு. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாக மின்முனையில் படிந்து பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். அதனால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் சார்ஜைத் துண்டித்துவிடும். மின்சாரம் வெளியே கொடுக்கும், உள்ளே வாங்காது. இரவெல்லாம் ஹீட்டரை ஓட்டிவிட்டு, காலையில் வெயில் வந்தும் வாங்க மறுக்கும் பேட்டரியால் என்ன பயன்?

பிரைஸில் ஆண்டின் ஏறக்குறைய பாதி நாட்கள் இரவில் உறைந்து பகலில் உருகும். பாறை வெடிப்புக்குள் இறங்கிய நீர் உறையும்போது 9 சதவீதம் அளவுக்குப் பருத்து, கல்லைப் பிளக்கிறது. அந்தச் செம்பாறைத் தூண்கள் ஆயிரக்கணக்கில் அப்படி உருவானவை. விளிம்பில் நின்று பார்க்கும்போது அந்தக் குளிருக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதே குளிர் என் பேட்டரியையும் தண்ணீர்க் குழாயையும் தொடக் கூடாது. ஆகவே சாப்பாட்டு மேசையின் பெஞ்சுக்கு அடியில், ஹீட்டரின் வெப்பக் குழாய் ஓடும் பக்கமாக, பேட்டரிகளுக்கு இடம் ஒதுக்கினேன். இந்த வகை லித்தியம் சாதாரண இயக்கத்தில் வாயு வெளியிடாது, உள்ளே வைக்கலாம். பெஞ்சுப் பலகையில் ஒரு சல்லடைக் கதவு வைத்தேன், அறையின் வெப்பம் உள்ளே புக.

அவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, “என் மழைக்கோட்டுகளும் பூட்ஸும் இனி எங்கே போகும்?” என்று கேட்டார்.

“வாசற்படிக்கு அடியில் ஒரு பெட்டி காலியாகிறதே, அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.”

பழைய பேட்டரிப் பெட்டி இப்போது சேறுபடிந்த பூட்ஸுக்கு. அதற்கென்றே செய்ததுபோல் அமைந்துவிட்டது.

இணைப்பு வேலை

வெளியிலிருந்து வண்டிக்கு வரும் மின்சாரக் கம்பியைப் பிடுங்கி, ஜெனரேட்டரை நிறுத்தி, பழைய பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றினேன். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. புதிய பேட்டரிகள் இரண்டையும் தனித்தனியே முழுவதும் சார்ஜ் செய்த பிறகே பக்கவாட்டில், அதாவது பாசிட்டிவோடு பாசிட்டிவும் நெகட்டிவோடு நெகட்டிவுமாக, இணைத்தேன். மின்னழுத்தம் வேறுபட்ட இரண்டு லித்தியங்களைச் சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெருமின்னோட்டம் பாயும். வண்டிக்குப் போகும் பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவை இரண்டாவதிலிருந்தும், குறுக்காக எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரியிலிருந்து எடுத்தால் அதுவே அதிகம் உழைத்து முதலில் களைக்கும்.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 150 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மலிவான ஃபியூஸ் உருகினாலும் இடைவெளியில் தீப்பிழம்பு தாவி மின்சாரம் தொடரக்கூடும். கிளாஸ் டி 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கும். பேட்டரியின் அருகிலேயே தூங்குகிறவர்கள் நாங்கள். வயர் 2 கேஜ் தாமிரம். நுனியில், போல்ட் மாட்டத் துளையுள்ள செப்பு லக்கை வைத்து ஹைட்ராலிக் கருவியால் அழுத்தினேன். அழுத்திய லக்கை ஒரு கையிலும் வயரை மறு கையிலும் பிடித்து, காலை உதைத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். நகரக் கூடாது. பிறகுதான் கறுப்பு ஷ்ரிங்க் டியூபைச் சூடாக்கி ஒட்டவைப்பேன்.

நெகட்டிவ் பக்கத்தில் 500 ஆம்பியர் ஷண்ட். இது ஒரு பித்தளைத் துண்டு போன்றது. போகிற வருகிற ஒவ்வொரு ஆம்பியரையும் அளந்து, பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று சிறிய திரையில் காட்டும். வண்டியின் உடலோடு சேரும் எர்த் வயர் உட்பட எல்லா நெகட்டிவும் ஷண்டைக் கடந்தே பேட்டரிக்குப் போக வேண்டும். ஒரு வயர் நேரடியாகப் பேட்டரியில் மாட்டியிருந்தாலும் கணக்கு பொய்யாகிவிடும். லித்தியத்தின் மின்னழுத்தம் வெகுநேரம் 13.2-ஐ ஒட்டியே நிற்கும், 80 சதவீதத்திலும் 50 சதவீதத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. வோல்ட்மீட்டரை நம்ப முடியாத இடத்தில் ஷண்டுதான் உண்மை சொல்லும்.

வெளி மின்சாரத்தை 12 வோல்ட் பக்கத்துக்கு மாற்றிப் பேட்டரியை நிரப்புவது கன்வெர்ட்டர். பழையது 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும். லித்தியத்தைச் சரியாக நிரப்ப 14.2 முதல் 14.6 வேண்டும். ஃபியூஸ் பெட்டியின் கீழ்ப்பாதியில் இருக்கும் அந்தக் கன்வெர்ட்டரை மட்டும் கழற்றி, லித்தியத்துக்கான 55 ஆம்பியர் கன்வெர்ட்டரைப் பொருத்தினேன். மூன்று ஏசி வயர், இரண்டு டிசி வயர். அரை நாள் வேலைகூட இல்லை.

ஆல்ட்டர்னேட்டர்தான் கவனம் கேட்ட இடம். இயந்திரத்தோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி அது. வண்டி ஓடும்போது, ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வழியாகப் பெட்டிவீட்டின் பேட்டரியையும் நிரப்பிவந்தது. லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு, கொடுப்பதையெல்லாம் விழுங்கும். நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது ஆல்ட்டர்னேட்டரின் விசிறி மெதுவாகச் சுற்றும், மின்னோட்டமோ உச்சத்தில் இருக்கும்; சுருள் சூடேறிக் கருகிவிடக்கூடும். அந்த ரிலேயை எடுத்துவிட்டு 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வைத்தேன். எவ்வளவு பசித்தாலும் 30-க்கு மேல் எடுக்காது. சயான் தேசியப் பூங்காவிலிருந்து பிரைஸுக்கு இரண்டு மணி நேர ஓட்டம். அதில் 60 ஆம்பியர்-மணி ஏறிவிடுகிறது, ஒரு நாள் செலவு முழுவதும்.

கூரை

ஃபீனிக்ஸில் கூரை வேலையை விடியற்காலையில்தான் செய்ய முடியும். எட்டு மணிக்குமேல் கூரையில் முட்டி வைக்க முடியாது.

200 வாட் சோலார் பேனல் இரண்டு. பிராக்கெட்டுக்கு அடியில் பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர் டேப், மேலே ஸ்க்ரூ, அதன் தலைமேல் தானே பரவிச் சமமாகும் லேப் சீலன்ட் என்ற கசிவடைப்புப் பசை. ரப்பர் கூரையில் சிலிக்கோன் பூசவே கூடாது. அது சில ஆண்டுகளில் உரியும். உரிந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் ஒட்டாது. மோட்டார்ஹோம்களைக் கொல்வது ஓட்டத் தூரம் அல்ல, கூரையில் கசியும் தண்ணீர். அதனால் வயருக்குப் புதிய துளையே போடவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் புகைபோக்கி வழியாக இறக்கினேன், சூடான குழாயிலிருந்து ஒதுக்கிக் கிளிப் அடித்து. வயரை மாட்டி முடிக்கும்வரை பேனல்களின் மேல் பழைய போர்வை ஒன்றைப் போர்த்தியிருந்தேன். வெயில் பட்டால் பேனலுக்கு சுவிட்ச் கிடையாது.

இரண்டு பேனலையும் பக்கவாட்டில் இணைத்தேன். தொடராக இணைத்தால் மெல்லிய வயர் போதும் என்பது உண்மை. ஆனால் ஒன்றில் மர நிழல் விழுந்தால் அடுத்ததன் உழைப்பும் முடங்கக்கூடும். பூங்காவில் நிழல்தான் அதிகம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலரில் நிரப்பும்போது 14.2 வோல்ட், நிறைந்தபின் 13.5 என்று வைத்தேன். ஈய பேட்டரிக்கான ஈக்குவலைஸ் (கூடுதல் வோல்ட்டில் நிரப்பும் முறை), வெப்பநிலைத் திருத்தம் இரண்டையும் அணைத்துவிட வேண்டும்.

“உயரம் கூடிவிட்டதா?” என்று அவர் கீழிருந்து கேட்டார். நியாயமான கவலை. 1930-இல் திறந்த சயான் மவுண்ட் கார்மல் சுரங்கச்சாலை 1.1 மைல் நீளம், வளைந்த கூரை. அப்போதைய விதிப்படி 13 அடி 1 அங்குலத்துக்கு மேல் வண்டிகளுக்கு அனுமதியே இல்லை. பெரிய வண்டிகளுக்காக எதிர்ப்புறப் போக்குவரத்தை நிறுத்தி, சுரங்கத்தின் நடுக்கோட்டில் போகவிட்டார்கள். டேப்பை இறக்கி அளந்தோம். கூரை ஏசியின் முதுகுதான் இப்போதும் உச்சம், 11 அடி. பேனல்கள் அதற்கு ஓர் அடி கீழேயே படுத்திருக்கின்றன.

மறுபடியும் பிரைஸ்

பரீட்சையை அதே நார்த் கேம்ப்கிரவுண்டில் வைத்துக்கொண்டோம். இரவு 9 மணிக்குத் திரையில் 98 சதவீதம். ஜன்னல் கண்ணாடிகளில் நுரைப்பலகை வைத்து மூடி, ஹீட்டரை 16 டிகிரியில் விட்டோம். பிரைஸ் 2019-இல் சர்வதேச இருள்வான் பூங்காவாகச் சான்று பெற்றது. அங்கே வெளி விளக்கைப் போடுவது பாவம் என்பது என் கருத்து. பால்வீதி மரங்களுக்கு மேலே தெளிவாக எழுந்து நின்றது.

காலை 5 மணிக்கு எழுந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வெளியே மைனஸ் 6. பெஞ்சுக்கு அடியில் பேட்டரியின் வெப்பநிலை 11. மிச்சம் 73 சதவீதம். மின்விசிறி ஓடும்போது பேட்டரி முனையில் 13.1 வோல்ட், ஹீட்டரின் முனையில் 12.8. ‘டிக்’ என்று வால்வு திறக்கும் ஓசை, அடுத்த நொடி நெருப்பு. அதைக் கேட்பதற்காகவே இரண்டு முறை தெர்மோஸ்டாட்டை ஏற்றி இறக்கினேன். ஏழு மணிக்குப் பேனல்களில் முதல் வெயில் பட்டது. பேட்டரி தயக்கமில்லாமல் வாங்கிக்கொண்டது. பைன் நிழல் மாறி மாறி விழுந்தும் பிற்பகலுக்குள் 90-ஐத் தாண்டியது. ஜெனரேட்டரின் சாவியைத் தொடவில்லை.

அடுத்து கேப்பிட்டல் ரீஃப். ஃப்ரூட்டாவில் மார்மன் குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களுக்கு நடுவே கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. பெரிய காட்டன்வுட் மரங்கள், அவற்றுக்கு அடியில் குளிர்ந்த நிழல். அவருக்கு அந்த நிழல் வேண்டும்; எனக்கு வெயில் வேண்டும். நிழலில் 400 வாட் பேனல்கள் 40 வாட்டைக்கூட எட்டவில்லை. ஆனாலும் நிழலிலேயே நிறுத்தினோம். அங்கே இரவில் ஹீட்டர் அவ்வளவு ஓடாது, 200 ஆம்பியர்-மணி தாராளமாகத் தாங்கியது. மின்சாரம் பெரிய கவலையாக இல்லாதபோது இடத்தைக் கண்ணுக்குப் பிடித்தபடி தேர்ந்தெடுக்கலாம் என்பதே இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சுகம். இப்போது எங்களைக் கிளம்பச் சொல்வது பேட்டரி அல்ல, பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறையும் டாங்குதான்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. பேட்டரி, கிளாஸ் டி ஃபியூஸ், கன்வெர்ட்டர், ஷண்ட், டிசி-டிசி சார்ஜர் ஆகியவை முதல் கட்டம். இவை சேர்ந்தே வர வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊர் மாறுகிறவர்களுக்கு ஓட்டத்திலேயே பேட்டரி நிறைந்துவிடும். ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்குகிறவர்களுக்குத்தான் சோலார் அவசரம், மிக்ஸி இல்லாதவர்களுக்கு இன்வெர்ட்டரும் தேவையில்லை. கரடுமுரடான சாலையில் ஓடி வந்தபின் பேட்டரி முனைகளின் போல்ட்டுகளை ஸ்பானர் போட்டு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த முனை சூடேறும். நான் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பார்க்கிறேன். ஆண்டுக்கு இருமுறை கூரையில் ஏறி சீலன்ட்டில் விரிசல் இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.